அறுபத்து நான்கு மீட்டர்

ஜூன் 3

நரம்பியல் மருத்துவர் கேட்டது ஒரு பதிவேடு மட்டுமே: அக்கா எத்தனை மணிக்கு என்ன உண்டாள், எவ்வளவு சிறுநீர் கழித்தாள், எத்தனை முறை புரட்டிப் படுக்கவைத்தோம். கல்லூரிப் பொன்விழாவில் கொடுத்த நாட்குறிப்பேடு ஒன்று அலமாரியில் இருந்தது. ஆண்டு தவறு, தேதிகளுக்கு ஒன்றும் கேடில்லை.

பதிவேடு என்றால் முதலில் ஆள் விவரம் வேண்டும். நோயாளி: நவநீதம், வயது எண்பத்திரண்டு, என் தமக்கை. ஏப்ரலில் பக்கவாதம்; வலப்பக்கம் இயங்கவில்லை. தொலைபேசி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவளுக்கு மூளை விட்டுவைத்தது ஒரே ஒரு வாக்கியம்: "லைன்ல இருங்க." பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். தொனியை வைத்துப் பொருள் கொள்ள வேண்டும். பதிவு செய்பவள்: மரகதம், வயது எழுபத்தெட்டு, ஓய்வு பெற்ற புவியியல் பேராசிரியர். இடம்: புரசைவாக்கம், மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. என் முழங்கால்கள் பிப்ரவரியோடு படிகளைக் கைவிட்டுவிட்டன.

வீட்டுச் செவிலிச் சேவை நிறுவனத்திலிருந்து பார்த்திபன் என்பவர் பதிவுக்கு வந்தார். டை கட்டிய நடுத்தர வயதுக்காரர். வரும் பணியாளர் வீட்டில்தான் இருக்கிறாரா என்பதைச் செயலி கண்காணிக்குமாம். அதற்காக நிலப்படத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு 'பின்', அதாவது இடக்குறி, வைக்க வேண்டும்.

"மேடம், யாராவது கீழ கேட் கிட்ட வந்து நின்னு வெச்சா கரெக்டா விழும். ஓப்பன் ஸ்கை வேணும். நானே வேணா கீழ போய் வெச்சுடறேன்."

"முப்பத்தொரு வருஷம் இதத்தான் பாடம் எடுத்தேன். வானத்தப் பத்தி நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம். குடுங்க."

மேற்குச் சன்னல் அருகே நாற்காலியைப் போட்டு, என் கைப்பேசியிலேயே வைத்தேன். நீலப் புள்ளியைச் சுற்றி வட்டம் அகலமாக இருந்தது. அது சுருங்கும் வரை காத்திருப்பதுதான் முறை. அதற்குள் அக்கா உள்ளேயிருந்து "லைன்ல இருங்க" என்றாள், அவசரத் தொனியில். 'உறுதி செய்' என்பதை அழுத்திவிட்டு எழுந்தேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இலக்கங்களில் பதிவாயின. ஆறு இலக்கம் என்பது பதினொரு சென்டிமீட்டர் நுணுக்கம். பார்த்திபன் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கலாமா என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 4

பணியாளர் வந்துவிட்டார். தேசம்மா, வியாசர்பாடி, நாற்பது வயதிருக்கும். அக்காவை ஒரு கையால் நிமிர்த்தி மறுகையால் விரிப்பை மாற்றினாள். ஏப்ரல் முதல் நானும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்ய முடியாத வேலை.

"டீச்சரம்மா, கஞ்சிய இன்னும் கெட்டியா காச்சணும். தண்ணியா குடுத்தா பொற ஏறிக்கும்."

"டீச்சர் இல்ல. பேராசிரியர்."

"அது என் வாயில நொழையாதும்மா."

வந்ததும் ஒருமுறை, போகும்போது ஒருமுறை, இடையில் எந்த நேரத்திலாவது மூன்று முறை அவளுடைய பேசியில் மணி அடிக்கிறது. பத்து நிமிடத்துக்குள், பின்னைச் சுற்றி நாற்பது மீட்டருக்குள் நின்று, முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாதத்தில் மூன்று தவறினால் வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கும் தவறினால் பட்டியலிலிருந்தே நீக்கம். அவளும் மேற்குச் சன்னலைத்தான் தேர்ந்தெடுத்தாள். "இங்கதாம்மா டவர் எடுக்குது." டவர் அல்ல, செயற்கைக்கோள் என்று திருத்தினேன்.

ஜூன் 9

கஞ்சி 8.00, 11.30, 4.00. புரட்டியது ஆறு முறை. முதுகுப் புண் உலர்கிறது.

ஜூன் 15

புண் ஆறிவிட்டது. அக்கா இன்று இடது கையால் தேசம்மாவின் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் கையை அப்படிப் பிடித்ததில்லை என்பதைப் பதிவேட்டின் முழுமைக்காகக் குறிக்கிறேன்.

பிற்பகலில் தேசம்மா கேட்டாள்: "இது எப்பிடிம்மா கண்டுபிடிக்குது? மேலேந்து பாத்துக்கினே இருக்குமா?"

"பாக்காது. மேல சுத்தற ஒவ்வொண்ணும் 'நான் இங்க இருக்கேன், இப்ப மணி இது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு உன் போன் கணக்குப் போடும். நாலு கோள் சொன்னதக் கேட்டா போதும், நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சுரும்."

"அப்ப அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"நம்ம சாமி மாதிரியே."

நான் சிரிக்கவில்லை. அக்காவின் வாயின் இடப்பக்கம் மேலே போயிற்று. அதைச் சிரிப்பு என்று எழுதலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 24

நிறுவனம் எல்லாப் பணியாளர்களுக்கும் புதிய கைப்பேசி கொடுத்திருக்கிறது. இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் வகை. பழையதைவிடப் பன்மடங்கு துல்லியம். தேசம்மா வழக்கம்போலச் சன்னலருகே நின்று அழுத்தினாள். "நீங்கள் பணியிடத்தில் இல்லை. தொலைவு: 64 மீ."

"டீச்சரம்மா, நான் எங்கதான் கீறேன்?"

"இங்கதான் இருக்க."

"அத இதுகிட்ட சொல்லுங்க."

மூன்று மணிகளில் ஒன்று தவறியதாகப் பதிவாயிற்று. மற்ற இரண்டு எப்படித் தப்பின என்று தெரியவில்லை.

ஜூன் 25

தெரிந்துவிட்டது. செயலியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டின் பின் எங்கள் வீட்டின் மேல் இல்லை. சாலைக்கு எதிர்ச்சாரியில், கண்ணாடிக் கட்டடத்தின் அடியிலுள்ள பழச்சாறுக் கடையின் மேல் இருக்கிறது.

காரணம் எளிது. மேற்குச் சன்னலில் அமர்ந்தால் கிழக்கு வானம் தெரியாது. வீட்டுச் சுவர் மறைக்கும். கிழக்கே உள்ள கோள்களின் அலை நேரே வராமல், எதிரே உள்ள கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சுற்றி வந்ததால் நேரம் கூடும். நேரம் கூடினால் தொலைவு கூடியதாகப் பேசி எண்ணும். கிழக்கிலிருந்து விலகிப் போய்விட்டோம் என்று தன்னை மேற்கே தள்ளிக்கொள்ளும். பழைய பேசிகள் இரண்டும் ஒரே சன்னலில் ஒரே பொய்யைச் சொன்னதால் மூன்று வாரம் எல்லாம் பொருந்தியிருந்தது. உண்மை சொல்லும் கருவி வந்ததும் தேசம்மா காணாமற்போனாள். நேற்றுத் தப்பிய இரண்டு மணிகளும் அவள் வாசற்படியில் நின்றபோது அடித்தவை. அங்கே வானம் மறைந்து பேசியின் பிழை வட்டம் அகன்றதால் தற்செயலாக எட்டியிருக்க வேண்டும்; இன்று அங்கும் எட்டவில்லை.

நிறுவனத்தை அழைத்தேன். நிவேதா என்ற பெண் எடுத்தாள். குரல் மிக இனிமை. அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

"லொகேஷன் மாத்தணும்னா பிரச்சினை இல்ல மேடம். பின் யார் வெச்சது? கஸ்டமர் வெச்சதுன்னா இப்பவே உங்களுக்கு ஓடிபி அனுப்பறேன், நாலு மணி நேரத்துல மாறிடும். எங்க ஸ்டாஃப் வெச்சதுன்னா ஃபீல்டு வெரிஃபிகேஷன் வரணும் மேடம், பதினஞ்சு வேலை நாள் ஆகும்."

"உங்க ஆள் வந்திருந்தார். பின் வெச்சாச்சு. போயிட்டார்."

"ஓகே மேடம், ஸ்டாஃப்னு போட்டுக்கறேன்."

பார்த்திபன் வந்தது உண்மை. பின் வைக்கப்பட்டது உண்மை. அவர் போனதும் உண்மை. செயலி அவர்களுடையது. என்னிடம் படித்தவர்களில் இருவர் நில அளவைத் துறையில் உயர் பதவியில் இருந்தவர்கள். பதினைந்து வேலை நாள் பெரிய காலம் அல்ல.

ஜூலை 1

தேசம்மா சென்ற வாரமே தானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மணி அடித்தால் ஐம்பத்து நான்கு படிகள் இறங்கி, நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் சிக்னல் வரை நடந்து, சாலையைக் கடந்து, பழச்சாறுக் கடை முன் நின்று முகத்தைக் காட்டுகிறாள். போவதற்கு ஆறு நிமிடம். ஏறி வருவதற்கு எட்டு. அவள் வீட்டில் இருந்தால் இல்லை என்று பதிவாகிறது. வீட்டில் இல்லாதபோது இருக்கிறாள் என்று பதிவாகிறது.

சன்னல் வழியே பார்த்தேன். கடைக்காரர் ஏதோ கேட்டார், இவள் கையை ஆட்டி ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். மேலே வந்ததும் விசாரித்தேன்.

"இன்னா தேசம்மா, இங்கியே குடி வந்துட்டியான்னாரு. ஆமாண்ணே, உன் கடதான் எங்க டீச்சரம்மா வூடாம், வாடகைய அவங்களாண்ட வாங்கிக்கோன்னேன்."

அக்கா "லைன்ல இருங்க" என்றாள், மகிழ்ச்சித் தொனியில். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

ஜூலை 9

மழை. மூன்று முறை இறங்கினாள், மூன்று முறை நனைந்தாள். கஞ்சி 8.00, 11.50, 4.15.

ஜூலை 16

கள ஆய்வாளர் வந்தார். அதாவது, வந்தார் என்று சொல்கிறார்.

"மேடம், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன்."

"என் வீட்டு வாசல்ல பூச்சட்டி ரெண்டு இருக்கும். உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?"

"ஜூஸ் கடை மேடம்."

"அது என் வீடில்ல. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க. மூணாவது மாடி. சன்னல்ல நின்னு கைய ஆட்டறேன், பாருங்க."

"லொகேஷன் இதான் காட்டுது மேடம். நான் கரெக்டா அதுக்கு மேலதான் நிக்கறேன். ஜீரோ மீட்டர் மேடம்."

நான் சன்னலில் நின்று கையை ஆட்டினேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கைப்பேசியைத் தரையை நோக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

மாலையில் நிவேதா. "வெரிஃபைடுன்னு வந்திருக்கு மேடம். கம்ப்ளெயின்ட் க்ளோஸ் பண்ணியாச்சு."

"எதை வெச்சு வெரிஃபை பண்ணீங்க?"

"ஸ்பாட்ல நின்னு போட்டோ எடுத்திருக்காரு மேடம். பின் மேட்ச் ஆகுது."

"எதோட மேட்ச் ஆகுது?"

சற்று நேரம் விசைப்பலகை ஒலி. "பின்னோட மேடம்."

மறுபடி புகார் கொடுத்தால் மறுபடி பதினைந்து வேலை நாள். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, எழுதிக்கொடுத்ததை விட்டுத் தன் சொந்தச் சொற்களில் பேசினாள்: "மேடம், கஸ்டமர் மிஸ்டேக்னு ஒரு டிக் போட்டுடட்டுமா? உடனே மாறிடும். யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"என் பக்கம் எந்த மிஸ்டேக்கும் இல்ல. புது கம்ப்ளெயின்ட் எழுதிக்கோங்க."

ஜூலை 22

தேசம்மாவின் இடது கணுக்கால் வீங்கியிருக்கிறது. அக்காவுக்கு வைத்திருந்த தைலத்தைத் தடவிக்கொள்ளச் சொன்னேன். தடவிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்:

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணாண்ட எதுனா ஒத்துக்கினு முடிச்சுருங்களேன். ஒரு நாளிக்கு மூணு தபா முடியலம்மா."

"ஒத்துக்கறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா." எழுந்து துணி அலசப் போனாள். வழக்கத்தைவிடச் சத்தமாக அலசினாள்.

உயரத்தில் பிழை இன்னும் அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. கிடைமட்டத்தில் ஐந்து மீட்டர் என்றால் உயரத்தில் பத்தும் இருக்கலாம். கோள்கள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. நமக்குக் கீழேயிருந்து சேதி சொல்ல எதுவும் இல்லை.

ஜூலை 29

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

11.31: அக்கா சாய்வாக உட்கார்ந்திருந்தாள், கஞ்சி பாதி ஆகியிருந்தது. மணி அடித்தது. மாதக் கணக்கில் ஏற்கனவே இரண்டு தவறியிருந்தன. இது மூன்றாவது ஆகிவிடக் கூடாது. தேசம்மா அக்காவின் வாயைத் துடைத்தாள். "நான் வர்ற வரிக்கும் சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க. சாஞ்சுட்டாங்கன்னா தலகாணிய முட்டுக் குடுங்க. தோ வந்துட்டேன்." செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

11.34: அக்கா இருமினாள். சிறிய இருமல்.

11.35: வலப்பக்கமாகச் சரிந்தாள். தலையணையை முட்டுக் கொடுத்தேன். தலையணையோடு சரிந்தாள். அக்குளில் கை கொடுத்து நிமிர்த்த முயன்றேன். அவள் ஐம்பத்தெட்டு கிலோ. என் மணிக்கட்டுகள் அதற்குப் போதவில்லை. முகம் மெத்தைக்குள் போயிற்று. அதை மட்டும் திருப்பிவிட முடிந்தது. உதடு நிறம் மாறியது. வாயிலிருந்து கஞ்சி வந்தது, ஆனால் போதிய அளவு வரவில்லை.

11.36: சன்னலுக்குப் போனேன். தேசம்மா சிக்னலைக் கடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். கீழே பேருந்துகள். அவள் எண்ணை அழைத்தேன். சரிபார்ப்பு முடியும் வரை அந்தப் பேசி வேறு அழைப்பை ஏற்காது என்பதை இன்று அறிந்தேன். பக்கத்து வீட்டில் பூட்டு. அவர்கள் இந்நேரம் அலுவலகத்தில் இருப்பார்கள். ஆம்புலன்சை அழைத்தேன். முகவரி கேட்டார்கள், சொன்னேன். லொகேஷன் அனுப்ப முடியுமா என்றார்கள். முகவரியை மறுபடி சொன்னேன்.

11.38: தேசம்மா பழச்சாறுக் கடை முன் நின்றாள். கைப்பேசியை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உயர்த்தினாள்; முகம் தெளிவாக இல்லாவிட்டால் அது ஏற்காது. நேர்க்கோட்டில் அறுபத்து நான்கு மீட்டர். அவள் புடவையின் கரை நிறம்கூட எனக்குத் தெரிந்தது. சன்னல் கம்பியில் கிண்ணத்தால் தட்டினேன். அவள் நிமிரவில்லை; திரையில் பச்சை நிறம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

படுக்கைக்குத் திரும்பினேன். அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது பதிவேட்டுக்குத் தேவையில்லை.

11.46: தேசம்மா வந்து, அக்காவைக் கவிழ்த்து முதுகில் தட்டி, வாய்க்குள் விரல் விட்டு எடுத்தாள். மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் 12.02. ஆட்கள் என்னையும் நாற்காலியில் வைத்துப் படியிறக்கினார்கள்.

ஜூலை 30

நுரையீரலுக்குள் கஞ்சி போயிருக்கிறது. செயற்கைச் சுவாசம். பிற்பகலில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க அனுமதித்தார்கள்.

ஆகஸ்ட் 2

அக்கா காலை 6.10க்கு இறந்தாள். உணவு: இல்லை. சிறுநீர்: இல்லை. புரட்டியது: இல்லை.

ஆகஸ்ட் 11

நிவேதா. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தாள். எழுதிக்கொடுத்ததா, சொந்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. சேவைக் காலத்தில் இறப்பு என்றால் ஓர் அறிக்கை முடிக்க வேண்டுமாம்.

"எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். பதினொண்ணு முப்பத்தெட்டுக்கு ஸ்டாஃப் வீட்டுல இருந்திருக்காங்க. பிரசன்ட். நீங்க கன்ஃபர்ம் மட்டும் பண்ணுங்க. இல்லன்னு போட்டீங்கன்னா அவங்க மேல விசாரணை வரும், லிஸ்ட்லேந்து எடுத்துடுவாங்க."

படிவம் வந்தது. 'சம்பவ நேரத்தில் பணியாளர் வீட்டில் இருந்தாரா? ஆம் / இல்லை.' மூன்றாவது விடைக்கு இடம் இல்லை. உண்மையை எழுதினால் தண்டனை தேசம்மாவுக்கு. பொய்யை எழுதினால் அந்தப் பின் சரியான இடத்தில்தான் இருந்தது என்று நானே சான்றளித்ததாகும்.

'ஆம்' என்று அழுத்தினேன். பச்சை நிறம் வந்தது.

ஆகஸ்ட் 17

பதினாறாம் நாள் காரியம். உறவு என்று வந்தவர்கள் நால்வர், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தேசம்மா காலையிலேயே வந்து அடுக்களையில் நின்றாள். எல்லோரும் போன பிறகு வெறும் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் போயிருக்கக் கூடாதும்மா. போனா போவுதுன்னு இருந்திருக்கணும். வேற ஏரியா போட்டா போடட்டும்னு இருந்திருக்கணும். என் தப்புதான்."

இதற்குச் சும்மா இருப்பது எளிதாக இருந்தது. சும்மாவும் இருந்தேன், அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை.

"அந்தப் பின்ன வெச்சது நான்," என்றேன். "கம்பெனி ஆள் இல்ல. கீழ போய் வெக்கறேன்னு அவர் சொன்னார். நான் விடல. முதல் நாளே ஒத்துக்கிட்டிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே மாறியிருக்கும்."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"டை கட்டுன சாரு என்னிய வேலைல சேத்தப்பவே சொன்னாரு. அந்தம்மா ரொம்பப் படிச்சவங்க, பின்னக்கூட அவங்களேதான் வெச்சாங்க, பாத்து நடந்துக்கோன்னு." முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள். "இன்னிக்கு சொல்லுவீங்க, நாளிக்கு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் எப்பிடிம்மா உங்களாண்ட சொல்றது?"

நான் எழுந்து பாத்திரங்களைக் கழுவப் போனேன்.

போகும்போது வாசற்படியில் நின்று திரும்பினாள். "அன்னிக்கு நான் மேல ஏறி வர்றப்போ உங்க சத்தம் ரெண்டாவது மாடி வரிக்கும் கேட்டுச்சும்மா. லைன்ல இரு, லைன்ல இருன்னு கத்திக்கினே இருந்தீங்க. அக்காதான் பேசறாங்கன்னு நெனச்சுக்கினு நான் மெதுவாதான் ஏறினேன். கால் நோவுதேன்னு."

ஐம்பத்து நான்கு படிகள். அவள் இறங்குவது கடைசிப் படி வரை கேட்டது.

ஆகஸ்ட் 18

காலை பத்து மணிக்கு நிவேதாவை அழைத்து, பின் வைத்தது வாடிக்கையாளர், பிழை வாடிக்கையாளருடையது, முகவரிப்படி திருத்த வேண்டும் என்றேன். "சர்வீஸ் முடிஞ்சுடுச்சே மேடம், இனிமே எதுக்கு?" என்றாள். தவறு தவறாகவே பதிவில் இருக்கக் கூடாது என்றேன். ஓடிபி வந்தது, சொன்னேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குத் திருத்திவிட்டதாகச் செய்தி வந்தது. சொன்னபடி நான்கு மணி நேரம்.

படத்தைத் திறந்து பார்த்தேன். பின் எங்கள் வீட்டின் மேல் இருக்கிறது. பிழை நான்கு மீட்டர். கட்டிலிலிருந்து சன்னல் வரை உள்ள தூரம்.